முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் விவாகரத்து ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்து தொடர்பாக எங்களிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று ஊருக்கு ஊர் மாறுவதே இல்லை. "பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கியாயிற்று. இனி மறுமணம் செய்துகொள்ளலாமா?" கூடாது என்பதுதான் பதில். ஏன் கூடாது, அந்தக் காகிதம் கையெழுத்துப் போட்டவரை எப்படியெல்லாம் பாதிக்கும், முறையான வழி எவ்வளவு தூரம் என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. தங்கள் பத்திரிகை வீடுதோறும் போகிறது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

அந்தக் காகிதம் பெரும்பாலும் 20 ரூபாய் முத்திரைத்தாள். "எங்களுக்குள் கருத்து வேற்றுமை ஏற்பட்டுவிட்டபடியால் இன்று முதல் ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரவர் இஷ்டம்போல் மறுமணம் செய்துகொள்ளலாம். பிற்காலத்தில் ஜீவனாம்சமோ சொத்தோ கேட்க மாட்டோம்" என்று தட்டச்சு செய்திருக்கும். கீழே இரண்டு பேரின் கையெழுத்து, இரு வீட்டுச் சாட்சிகள், ஊர்ப் பெரியவர், பக்கத்தில் நோட்டரியின் முத்திரை. சில இடங்களில் மகளிர் காவல் நிலைய மனு விசாரணையின் முடிவில் இதே வாசகத்தை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பதிவு அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் திருமணத்தை முறிக்காது. இந்து திருமணச் சட்டம், 1955-ன்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பாணைதான் (டிகிரி) கலைக்கும். சார்பதிவாளர் பதிந்தார் என்பதற்காகச் செல்லாத ஆவணம் செல்லுபடியாகிவிடாது. திருமணத்துக்கோ விவாகரத்துக்கோ பத்திரம் எழுதித் தர நோட்டரிக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்டத்துறையும் 2024 அக்டோபரில் எழுத்து மூலம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

"எங்கள் சாதியில் அத்துவிடும் வழக்கம் காலங்காலமாக உண்டே" என்பார்கள். சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு, இடைவிடாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரியாக நடந்து வருகிறது என்பதை அதைச் சொல்கிறவர்தான் மனுவில் குறிப்பிட்டு, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். யமனாஜி ஜாதவ் வழக்கில் 2002-லும், தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில் 2004-லும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பின்னதில் காகிதம் இருந்தது, வழக்கம் நிரூபணமாகவில்லை. நீதிமன்றங்களில் வழக்கமான முடிவும் இதுதான். (பட்டியல் பழங்குடியினருக்கு மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை இந்தச் சட்டமே பொருந்தாது. அவர்களுக்கு அவர்கள் வழக்கமே சட்டம்.)

செல்லாத காகிதம்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட முடியாது. விவாகரத்தைத் தர வக்கில்லாத அந்தத் தாள், வேறு உரிமைகளைப் பறிக்கும் வலு உடையது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. அதன் நான்காவது உட்பிரிவு, கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின்பேரில் தனித்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. ஐந்தாறு ஆண்டு கழித்துப் பிள்ளையோடு தவிக்கும் பெண் ஜீவனாம்ச மனு போட்டால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்த முத்திரைத்தாளைத்தான். நீதிமன்றத்தில் முறையாகப் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கிய பெண்ணுக்கு இந்தத் தடை கிடையாது. மறுமணம் செய்யாத வரை அவள் சட்டத்தின் கண்ணில் ஜீவனாம்சம் கேட்கத் தகுதியுள்ள மனைவியே என்று வனமாலா வழக்கில் 1995-லேயே தீர்ப்பாகியிருக்கிறது. ஆக, காகிதம் வாங்கியவளுக்கு விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் சிக்கல். தீர்ப்பு வாங்கியவளுக்கு இரண்டும் உண்டு.

ஆணுக்கும் நஷ்டம்தான். மனைவி கைவிட்டுப் போய்விட்டாள் என்று வழக்குப் போட, மனு தாக்கல் செய்யும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து 2 ஆண்டு கைவிட்டிருக்க வேண்டும். அதுவும் மனுதாரரின் சம்மதம் இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல். "சம்மதித்துப் பிரிகிறோம்" என்று அவரே கையெழுத்திட்ட தாள் எதிரில் இருக்கும்போது அந்தக் காரணம் ஆட்டம் கண்டுவிடுகிறது. தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அது செல்லாத் திருமணம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். முதல் திருமணத்தை மறைத்திருந்தால் 10 ஆண்டு வரை. அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளின் கீழ் துறை நடவடிக்கையும் வரும்.

எல்லாவற்றையும்விட மனத்தை வருத்துவது, அப்படி மறுமணம் செய்துகொண்ட ஆண் இறந்த பிறகு நடப்பது. இருபது ஆண்டு கூடவே வாழ்ந்த இரண்டாவது மனைவி, வாரிசுச் சான்றுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பித்தால், முதல் மனைவியின் விவாகரத்துத் தீர்ப்பாணை எங்கே என்று கேட்பார்கள். முத்திரைத்தாளைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். முதல் மனைவிதான் சட்டப்படி வாரிசு. இரண்டாவது திருமணத்துப் பிள்ளைகளை இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தாய்க்குத்தான் எதுவும் இல்லை. அவள் செய்த பிழை அந்தக் காகிதத்தை நம்பியது ஒன்றே.

ஏற்கெனவே எழுதி வாங்கிவிட்டவர்கள் என்ன செய்யலாம்? இருவரும் மனம் ஒத்தால் இன்றைக்கே பரஸ்பர சம்மத மனு போடலாம். அந்தப் பழைய காகிதம், எந்தத் தேதி முதல் பிரிந்து வாழ்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்றாவணமாக உதவும். அந்த அளவுக்கு அதைப் பத்திரமாக வைத்திருங்கள். இடையில் மறுமணம் நடந்திருந்தால் மட்டும் கவனம் தேவை. இப்போது வாங்கும் தீர்ப்பு, முன்பு நடந்த இரண்டாவது திருமணத்தைச் செல்லுபடியாக்காது. தீர்ப்புக்குப் பிறகு மறுபடியும் முறையாகத் திருமணம் செய்து பதிவு செய்ய வேண்டும். மனுவில் என்ன எழுதுவது என்பதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் பேசி முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த மனுவே குற்ற ஒப்புதலாகிவிடக்கூடும்.

இன்னும் இரண்டு தவறான நம்பிக்கைகளையும் இங்கேயே தீர்த்துவிடுகிறோம். ஏழு ஆண்டு பிரிந்திருந்தால் தானாக விவாகரத்து ஆகிவிடும் என்பது உண்மையல்ல. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற தகவலே 7 ஆண்டாக, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குக்கூட எட்டவில்லை என்றால் அது விவாகரத்துக்கு ஒரு காரணம். அப்போதும் மனு போட்டுத் தீர்ப்பு வாங்கியாக வேண்டும். நீதிமன்ற நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்பதும் உண்மையல்ல. வாங்க மறுத்தது வாங்கியதாகவே கொள்ளப்படும். ஆள் இருக்கும் இடமே தெரியாவிட்டால் செய்தித்தாளில் அறிவிப்புச் செய்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிப்பார்கள். அப்படித் தீர்ப்பானவர் 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். நோட்டீஸ் முறையாகக் கையில் சேராமல் இருந்தால் மட்டும், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு.

இனி பரஸ்பர சம்மதம். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. திருமணமாகி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும், ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை என்பதிலும் பிரிவது என்பதிலும் இருவரும் ஒத்துப்போக வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில்தான் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அதுவும் பிரிவே என்று சுரேஷ்டா தேவி வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குடும்பநல நீதிமன்றம் உள்ள மாவட்டத்தில் அங்கேயும், இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்திலும் மனுத் தாக்கல் செய்யலாம். திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகியவற்றில் எது வசதியோ அது. மனைவி மனுதாரர் என்றால் 2003 திருத்தத்துக்குப் பிறகு அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்கள் கணவன் ஊருக்கு அலையத் தேவையில்லை.

மனுவோடு திருமண அழைப்பிதழ், திருமணப் புகைப்படம், இருவரின் ஆதார் நகல், குழந்தை இருந்தால் பிறப்புச் சான்று, பதிவு செய்திருந்தால் பதிவுச் சான்று ஆகியவற்றை வைக்க வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பலர் தயங்குகிறார்கள். விவாகரத்து கேட்கப் பதிவு கட்டாயமில்லை, அழைப்பிதழும் படமும் போதும். மனு திரும்பி வருவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். அழைப்பிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். பிரிந்த தேதி ஒரு பத்தியில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கும். ஏற்கெனவே நிலுவையில் உள்ள வழக்கின் எண்ணைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பெயர் வேறுபாட்டை "என்கிற" என்று போட்டு மனுவின் தலைப்பிலேயே சரிசெய்துவிட்டால் ஒரு வாய்தா மிச்சம். மனுவுக்கு வழக்கு எண் கிடைத்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (இணையத்தில் வழக்கைத் தேட உதவும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

முதல் விசாரணையில் இருவரும் நேரில் வந்து மனுவை ஒப்புக்கொள்வார்கள். நீதிமன்றம் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்பும். பிறகு 6 மாத இடைவெளி. இது மனுத் தாக்கலான நாளிலிருந்து கணக்கு, எண் கொடுத்த நாளிலிருந்து அல்ல. 6 மாதம் கழிந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து உறுதிசெய்தால் சான்றுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, ஆவணங்களைக் குறியிட்டுத் தீர்ப்பு. இடைவெளியைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்றால், 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடியும் என்றது. நிபந்தனை உண்டு. மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை உள்ளிட்ட எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து ஒரு வாரம் கழித்து இதற்குத் தனி மனு போடலாம். தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை.

இந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தீர்ப்பு வரும் நாள் வரை அந்த உரிமை உண்டு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் கிளம்புகிறது. முதல் விசாரணையன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, இரண்டாவது விசாரணைக்கு எதிர்த்தரப்பு வராமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. தொகை பிறகு வரும் என்று நம்பித் தன் மற்ற வழக்குகளையெல்லாம் முன்கூட்டியே வாபஸ் வாங்கிவிட்டுக் கைவிரிக்கப்படும் பெண்களும் உண்டு. ஆகவே ஒப்பந்த நிபந்தனைகளை மனுவின் உடலிலேயே எழுதுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, முதல் விசாரணையில் எவ்வளவு, மீதி எப்போது என்று இருக்கட்டும். மீதியை இறுதி விசாரணையன்று வங்கி வரைவோலையாக நீதிபதி முன்னிலையில் கொடுத்து, வரைவோலை எண்ணையும் தேதியையும் தீர்ப்பில் பதியச் செய்வது நல்லது. ரொக்கமாகக் கைமாற்றிவிட்டு "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதுவது பின்னால் சண்டைக்கு வித்து.

நகையும் சீர்வரிசையும் பற்றி "அனைத்தும் திரும்பப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஆரம் ஒன்று, இத்தனை பவுன். வளையல் நான்கு, இத்தனை பவுன். பீரோ, கட்டில், வண்டி என்று இனம் இனமாகப் பட்டியல் போட்டு, ஒப்படைக்கும் நாளில் இருவரும் அதிலேயே கையெழுத்திடுங்கள். அடகுக் கடையில் இருக்கும் நகைக்கு யார் வட்டி கட்டி மீட்பது என்பதையும் எழுதுங்கள். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய தனிச்சொத்து, கணவன் அதற்குப் பாதுகாவலன் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே தீர்ந்துபோன விஷயம்.

இருவர் பெயரிலும் வீடு இருந்தால், "என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்று மனுவில் எழுதுவதோடு வேலை முடியாது. வழக்கின் பொருளாக இல்லாத அசையாச் சொத்தைத் தொடும் சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவு தேவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலை ஆவணமோ செட்டில்மெண்டோ எழுதிப் பதிவதே சுத்தம். அதைத் தீர்ப்புக்கு முன்பே செய்துவிடுங்கள். கணவன் மனைவியாக இருக்கும்வரை குடும்ப உறுப்பினருக்கான சலுகை முத்திரைத் தீர்வை கிடைக்கும். தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் குடும்ப உறுப்பினர் அல்லர், தீர்வை பன்மடங்காகும். வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கு இந்தத் தீர்ப்பு கட்டுப்பாடல்ல. கடன் ஒப்பந்தத்தில் பெயர் நீக்கப்படாத வரை தவணை தவறினால் இருவரையும்தான் கேட்பார்கள்.

வரதட்சணைக் கொடுமை வழக்கு இருந்தால், புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று நினைக்கிறார்கள். பழைய 498-ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு, சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரத்து மனு போட வேண்டும். புகார்தாரர் அடையாள அட்டையோடு ஆஜராகித் தன் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். இதற்கான பிரமாணப் பத்திரத்தை எப்போது கொடுப்பது, செலவு யாருடையது என்பதையும் நிபந்தனையில் சேர்க்காவிட்டால், விவாகரத்து முடிந்த பிறகும் குற்றவழக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

குழந்தைக்காக ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. அந்த உரிமை குழந்தையினுடையது. பார்க்கும் உரிமையை "அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதுவதைத் தயவுசெய்து தவிருங்கள். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே அழைத்துக்கொண்டு எங்கே விட வேண்டும், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பொங்கல் யாரோடு, தீபாவளி யாரோடு, பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கே நேரடியாகச் செலுத்துவது யார், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுக்கக் கூடாது என்பது வரை எழுதுங்கள். இரண்டு பேரும் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரே நாள் கையெழுத்திடும் அந்த நாள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் குழந்தைதான் நடுவில் நிற்கும்.

ஒருவர் மட்டும் சம்மதிக்காவிட்டால் கொடுமை, கைவிடல், பிறர்மனை உறவு போன்ற, இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் காரணங்களில் ஒன்றை நிரூபித்துத்தான் பெற வேண்டும். உறவு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துக் குடும்பநல நீதிமன்றம் விவாகரத்து தர இயலாது. அது அரசமைப்பின் 142-ஆம் கூற்றின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம் என்று 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதற்காக நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் முடியாது. எதிர்வழக்கு (ஒருவர் எதிர்க்கும் விவாகரத்து வழக்கு) நடந்துகொண்டிருக்கும்போதே இருவரும் இணங்கிவந்தால் அதைப் பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொள்ளலாம்.

வழக்கு நடக்கும் காலத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருதரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் கைவசம் இருந்தால் விரைவில் முடியும். உத்தரவு கிடைத்தும் கட்டாவிட்டால் நிறைவேற்று மனுவை ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். 144-ஆம் பிரிவில் பாக்கி சேர்ந்து ஓராண்டைத் தாண்டினால் அந்தப் பழைய பாக்கிக்கு வாரண்ட் வராது. "மொத்தமாகச் சேரட்டும், பிறகு கேட்கலாம்" என்று பொறுத்திருந்து இழந்தவர்கள் ஏராளம்.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். அதன் 10-ஏ பிரிவில் பரஸ்பர சம்மதத்துக்கு 2 ஆண்டுப் பிரிவு என்று இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஓராண்டாகக் குறைத்தது. திருச்சபை நீதிமன்றம் தரும் திருமண ரத்து, சிவில் சட்டத்தின் முன் விவாகரத்து ஆகாது. முஸ்லிம்களில், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்பதோடு 2019 சட்டப்படி 3 ஆண்டு வரை தண்டனைக்குரியது. காஜிகள் தலாக் சான்று வழங்குவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் தடை விதித்தது. குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) கேட்கும் பெண் குடும்பநல நீதிமன்றத்தை அணுக வேண்டும், தனியார் ஜமாத் அமைப்பு தரும் சான்று செல்லாது என்று 2023-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலாக் ஆன பெண்ணும் 125-ஆம் (இப்போதைய 144-ஆம்) பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது 2024 ஜூலையில் உறுதியானது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே வாங்கும் விவாகரத்து இங்கே செல்ல வேண்டுமானால், நம் திருமணச் சட்டத்தில் உள்ள காரணத்தின்பேரில் வழங்கப்பட்டிருக்க வேண்டும், எதிர்த்தரப்பு மனமுவந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் வகுத்த விதி இது. இங்கே வழக்கு நடத்தப் பவர் எழுதி அனுப்பினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்துசேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். காணொலி வழியே ஆஜராகவும் மனுப் போட்டு அனுமதி கேட்கலாம்.

தீர்ப்பு வந்ததும் தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்தால் நல்லது. மறுமணப் பதிவுக்கு, குடும்ப அட்டையில் பெயர் நீக்கத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள். பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. எதிர்வழக்கில் வந்த தீர்ப்பு என்றால் 90 நாள் பொறுத்து, மேல்முறையீடு தாக்கலாகவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுமணம் செய்வதே பாதுகாப்பு. வருங்கால வைப்புநிதி, ஆயுள் காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் நியமனதாரர் (நாமினி) பெயரை நீங்களாகத்தான் மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு இறந்துபோனவர்களின் பெற்றோர் படும் பாடு கொஞ்சமல்ல.

செலவை நினைத்துத்தான் பலர் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மனுக்களுக்கு நீதிமன்றக் கட்டணம் மிகச் சொற்பம், செலவு என்பது வழக்கறிஞர் கட்டணம்தான். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட, வட்ட சட்டப்பணிகள் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உடனடி ஆபத்து என்றால் 181.

கடைசியாக, பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்களுக்கும் மகளிர் காவல் நிலைய அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இருவரையும் உட்காரவைத்துப் பேசி, நகையையும் தொகையையும் குழந்தையையும் பற்றி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது பெரிய உதவி. நீதிமன்றத்தில் பல மாதம் இழுக்கும் வேலையை நீங்கள் ஒரு மாலையில் முடித்துவிடுகிறீர்கள். அந்த முடிவை எழுதும்போது "இன்று முதல் சம்பந்தம் இல்லை, மறுமணம் செய்துகொள்ளலாம்" என்ற இரண்டு வரிகளை மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக, "மேற்கண்ட நிபந்தனைகளின்படி இன்ன தேதிக்குள் 13-பி மனுத் தாக்கல் செய்ய இருவரும் சம்மதிக்கிறோம்" என்று எழுதி, அந்தத் தாளை வழக்கறிஞரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடும்பநல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்,
ஈரோடு